டயாலிசிஸில் பிரஷர் இறங்காமலிருக்க வீட்டில் செய்ய வேண்டியவை

டயாலிசிஸ் செய்துவரும் நம் சகோதர சகோதரிகள் பலர், "மெஷினில் இருக்கும்போது பிரஷர் இறங்கிவிடுகிறது" என்று அஞ்சுகிறார்கள். அந்தப் பயத்தில் நேரம் முடியுமுன்பே எழுந்துவிடுகிறவர்களும் உண்டு. இது ஏன் நேர்கிறது என்று வீட்டார் விளங்கிக்கொண்டால், பெருமளவு தடுக்க முடியும்.

காரணம் என்ன?

சிறுநீர் சரியாகப் பிரியாததால், குடிக்கும் நீர் உடம்பிலேயே தங்குகிறது. இரண்டு மூன்று நாள் சேர்ந்த நீரை மெஷின் சுமார் 4 மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து எடுக்கிறது. காலிலும் உடம்பிலும் தேங்கிய நீரோ மெதுவாகத்தான் இரத்தத்துக்குள் வந்து சேரும். எடுக்கும் வேகம் அதை மிஞ்சினால் இரத்தத்தின் அளவு குறைந்து பிரஷர் இறங்குகிறது. சர்க்கரை நோய், இருதய நோய் உள்ளவர்களுக்கு இது எளிதில் வரும்.

ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்காமலிருப்பது நல்லது என்பது பொதுவான மருத்துவக் கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 4 மணி நேரத்தில் அது சுமார் 3 லிட்டர். அவர் 5 கிலோ கூடி வந்தால், சிரமம் மெஷினில் இல்லை. இடைப்பட்ட நாட்களில் இருக்கிறது.

உப்பும் தண்ணீரும்

தாகத்தைத் தூண்டுவது உப்பு. உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொன்னால் யாராலும் முடியாது. நாள் முழுவதற்கும் எல்லா உணவும் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பைத் தாண்ட வேண்டாம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர், கடைப் பிரியாணி ஆகியவற்றைத் தவிர்க்கவும். 'சோடியம் குறைந்த உப்பு' வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும், இவர்களுக்கு அது ஆபத்து.

டீ, கஞ்சி, ரசம், மோர், ஆணம் எல்லாமே தண்ணீர்க் கணக்கில் சேரும். மருத்துவர் சொன்ன அளவை ஒரு பாட்டிலில் காலையிலேயே ஊற்றி வையுங்கள். வேறு எது குடித்தாலும் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து குறைத்துவிடுங்கள். தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்து வாருங்கள்.

ரமலானில் மருத்துவரிடம் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. களா, ஃபித்யா பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். நோன்பு வைக்காதவரும் இஃப்தாரில் கஞ்சி, சர்பத் என்று அளவு மீறிவிடக் கூடாது.

டயாலிசிஸ் நாளில்

பிரஷர் மாத்திரையை அன்று எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மெஷினில் இருக்கும்போது வயிறு நிறையச் சாப்பிட்டால் இரத்தம் குடல் பக்கம் திரும்பி பிரஷர் இறங்கலாம்.

கொட்டாவி, வியர்வை, தலைசுற்றல், குமட்டல், காலில் சதைப்பிடிப்பு இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். முடிந்ததும் சட்டென எழாமல், சற்று உட்கார்ந்திருந்து எழுங்கள்.

எடை அதிகம் கூடாமலும் பிரஷர் அடிக்கடி இறங்கினால், 'உலர் எடை'யை மறுபடி பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். பசி எடுத்துச் சாப்பிட்டு உடம்பு தேறியவருக்குப் பழைய எடைக் கணக்கு பொருந்தாது. இருதயத்தையும் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம்.

நேரத்தைக் குறைத்துக்கொள்வது இதற்குத் தீர்வல்ல. எடுக்காமல் விட்ட நீர் அடுத்த முறைக்குச் சுமையாகிறது; மூச்சுத்திணறலும் வரலாம். நோயாளிக்கு என்று தனிச் சட்டியில் சமைப்பதைவிட, வீட்டிலுள்ள எல்லோரும் உப்பைக் குறைத்து ஒரே ஸஹனில் அமர்ந்து உண்பது அவருக்கு மிகப் பெரிய உதவி.