சுமங்கலி என்னும் பெயரும் பெண்ணின் கூலியும்: இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

திறவுச்சொற்கள்: பருத்திப் பெண்டு, பனுவல், சுமங்கலித் திட்டம், கூலி, பயிற்சியாளர்.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் பஞ்சோடும் நூலோடும் பிணைந்த ஊர்கள். 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய ராஜபாளையம் மில்ஸ் தொடங்கி இங்கே நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. இத்தொழில்களில் பெண்களின் உழைப்பைப் பொருளியலாரும் சமூகவியலாரும் அளந்து எழுதியுள்ளனர். தமிழாய்வாளருக்கு இங்கே என்ன பணி என்னும் வினா எழலாம். உழைப்புக்கு இடப்படும் பெயர், அவ்வுழைப்பின் பயன்மீது பெண்ணுக்குள்ள உரிமையைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பருத்திப் பெண்டும் ஆளில் பெண்டிரும்

நூற்கும் பெண்ணைச் சங்கப் பாடல்கள் இருவகையாகச் சுட்டுகின்றன. புறநானூற்றின் 125, 326ஆம் பாடல்கள் அவளைப் பருத்திப் பெண்டு என்கின்றன. இது தொழிலால் அமைந்த பெயர். நற்றிணை 353இல் கபிலர் ஆளில் பெண்டிர் என்கிறார். ஆண்துணை இல்லாமை அங்கே அடையாளமாகிறது. எனினும், அவர்கள் நூற்ற நுண்ணிய நூலைத் தம் முயற்சியால் ஆக்கியது என்று அப்பாடல் கூறுவதை விட்டுவிடலாகாது. மணநிலை, உழைப்பின் பின்புலமாக நிற்கிறதே அன்றி உழைப்பை விழுங்கவில்லை. பிற்காலத்தில் நன்னூற் பாயிரம் நூல் செய்யும் புலவனையே நூல் நூற்கும் பெண்ணாக உருவகித்தது. பனுவல் என்னும் சொல் பஞ்சுக்கும் நூலுக்கும் ஏட்டுக்கும் பொதுவாக நின்றதால் இவ்வுருவகம் இயல்பாகப் பொருந்தியது. ஆக்கியோன் பெயரைப் போற்றும் மரபு, நூற்றவளின் கூலியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை என்பது வேறு செய்தி.

மங்கலப் பெயரும் மறைந்த கூலியும்

கணவனோடு வாழ்பவளைக் குறிக்கும் சுமங்கலி என்னும் சொல், கடந்த நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தமிழக நூற்பாலைகளில் ஒரு வேலைமுறையின் பெயராயிற்று. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதிகளின் ஆலைகளுக்குத் தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து மணமாகாத இளம்பெண்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். விடுதியில் தங்கி மூன்றாண்டுகள் உழைத்தால், இறுதியில் திருமணச் செலவுக்கென்று முப்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் எனத் தொகை கிடைக்கும் என்பது வாக்குறுதி. இடையில் வெளியேறுவோர் அத்தொகையை இழக்க நேர்ந்தது. நெதர்லாந்தின் இரு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் ஐரோப்பிய ஆடை வணிகர்களும் இதனைக் கவனிக்கத் தலைப்பட்டனர்.

சட்டம் இங்கே சொல்லைப் பொறுத்தே இயங்குகிறது. ஊதியம் வழங்கும் காலஅளவு ஒரு மாதத்தை மிஞ்சக்கூடாது என்றது 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம். இறுதித் தொகையைக் கூலி என்றால் மூன்றாண்டு நிறுத்திவைத்தது சட்டமீறல். அன்பளிப்பு என்றால் அது கொடையாளியின் விருப்பம். அவ்வாறே, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். பயிற்சியாளர் என்னும் பெயர் இவ்வுரிமையை ஐயத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது. பயிற்சியாளர் சட்டமும் வரதட்சணைத் தடைச் சட்டமும் ஒரே 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்டவை. ஒன்றின் பெயரால் வேலை வாங்கி, மற்றொன்று தடுத்த வழக்கத்துக்குப் பணம் சேர்த்த முரணை என்னென்பது!

இப்பெயர் எளிதில் ஏற்கப்பட்டதற்குப் பண்பாட்டுக் காரணமும் உண்டு. ஆண்டாளின் ஊரான திருவில்லிபுத்தூரைச் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் திருமணம் என்பது வீட்டுச் செய்தி மட்டுமன்று. வாரணமாயிரம் ஓதி நடக்கும் மணங்கள் இங்கே பல. ஆனால் ஆண்டாள் பாடியது தானே தேர்ந்த மணம். சீருக்குப் பணம் சேர்க்க ஆலைக்கு அனுப்பப்படும் பெண்ணின் நிலை அதற்கு நேர்மாறானது. பருத்திப் பெண்டு செய்தொழிலால் பெயர் பெற்றாள். இவளோ இனி அடையவிருக்கும் மணநிலையால் பெயர் பெறுகிறாள். அப்பெயருக்குள் கூலி, சீராக உருமாறிப் புகுந்தவீட்டைச் சேர்கிறது.

இரவும் தொழிற்சாலையும்

புறநானூறு 326, இரவில் எழுந்து சிறுவிளக்கின் ஒளியில் பஞ்சின் தூசு புடைக்கும் பெண்ணைக் காட்டுகிறது. இதனைப் பாடிய தங்கால் பொற்கொல்லனாரின் ஊர், திருவில்லிபுத்தூருக்குக் கிழக்கேயுள்ள திருத்தங்கல் எனக் கருதப்படுகிறது. இரவு வேலை பெண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு இவ்வட்டாரத்திலேயே சான்று உள்ளது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களின் இரவுப்பணியைத் தடைசெய்தது. அத்தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் செல்லாது என்று தீர்ப்பளித்ததோடு, பாதுகாப்புக்கான கடமைகளை வேலையளிப்போர்மீது சுமத்தியது.

அக்கடமைகள் தொழிற்சாலை என்னும் சொல்லின் எல்லைக்குள் அடங்குபவை. மின்விசையுடன் பத்துப்பேர் பணிபுரியும் இடத்தையே 1948ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலை எனக் கொண்டது. 2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புத் தொகுப்பு அவ்வரம்பை இருபதாக உயர்த்தியது. ஏழெட்டுப்பேர் மட்டும் நின்று, உருப்படிக் கணக்கில் கூலி பெற்றுக் கட்டுத்துணி நெய்யும் சிறு விசைத்தறிக் கூடம் பழைய வரையறையிலும் அடங்கவில்லை, புதிய வரையறையிலும் அடங்கவில்லை.