நாற்காலி ஒன்று, கைகள் பல

பல் மருத்துவமனை தொடங்கக் கடன் வேண்டி வங்கிக்கு வரும் இளம் மருத்துவரின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். பல் நாற்காலி, எக்ஸ்ரே கருவி, கம்ப்ரஸர், ஆட்டோகிளேவ் என அனைத்தும் விலையோடு குறிக்கப்பட்டிருக்கும். இவற்றை இயக்கப்போகும் மனிதர்களுக்கோ ‘ஊதியம்’ என்னும் ஒற்றை வரி மட்டுமே. மருத்துவமனையின் வளர்ச்சியும் தளர்ச்சியும் பெரும்பாலும் அந்த ஒற்றை வரியைப் பொறுத்தே அமைகின்றன.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 10 லட்சம் ரூபாய்க் கடனை 10 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாயின், மாதத் தவணை ஏறத்தாழ 21,250 ரூபாய் ஆகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாட்கள் இயங்கும் ஒரு நாற்காலி நமக்கு 200 மணி நேரத்தைத் தருகிறது. நாள்தோறும் ஒரு மணி நேரம் வீணானால் மாதத்தில் 25 மணி நேரம், அதாவது எட்டில் ஒரு பங்கு, கைவிட்டுப் போகிறது. தவணையும் வாடகையும் ஊதியமும் அதற்காகக் குறைவதில்லை.

அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது? மருத்துவரின் திறமைக் குறைவால் அது வீணாவது அரிது. பல்லுக்கான உறை ஆய்வகத்திலிருந்து வந்து சேர்ந்ததா என்று பார்க்காமலே நோயாளியை வரச் சொல்லியிருப்பார்கள். கருவிகள் ஆட்டோகிளேவில் இருக்கும். உலர்ந்து வெளிவர முக்கால் மணி நேரம் ஆகலாம். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாததே இத்தகைய இழப்புகளுக்குக் காரணம்.

இதற்கு முதல் மருந்து, காலையில் பத்து நிமிடக் கூட்டம். மருத்துவர், உதவியாளர், வரவேற்பாளர், தூய்மைப் பணியாளர் அனைவரும் நின்றபடியே அன்றைய முன்பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இன்று யார் யார் வருகிறார்கள்? யாருக்குச் சர்க்கரை நோய் உண்டு, யார் இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்கிறார்? எந்த உறை வந்தது, எது வரவில்லை? தூய்மையாக்கிய கருவித் தொகுதிகள் எத்தனை உள்ளன? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் நாளின் பாதிப் பதற்றம் நீங்கிவிடும்.

இரண்டாவது, பேசும் உரிமை. பல் மருத்துவர்கள் பற்களை இரண்டு இலக்க எண்களால் குறிப்பர். 36 என்பது கீழ்த்தாடையின் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல். 46 என்பது அதே பல், வலப்பக்கத்தில். ஓர் இலக்கம் மாறினால் நோயுற்ற பல் இருக்க நல்ல பல்லைப் பிடுங்கும் நிலை நேரலாம். பிடுங்கியதை முன்போல் ஆக்குவது எளிதன்று. அத்தருணத்தில், “ஐயா, ஏட்டில் இடப்பக்கம் என்று எழுதியிருக்கிறது” என்று உதவியாளர் தயங்காமல் சொல்ல வேண்டும். அவ்வாறு சொன்னவருக்கு அனைவர் முன்னிலையிலும் நன்றி கூறுங்கள். ஒருமுறை கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார். அந்த மௌனத்தின் விலையைச் செலுத்துபவர் நோயாளி.

மூன்றாவது, ஊக்கம் தொடர்தல். தொடக்க நாட்களின் உற்சாகம் சில மாதங்களில் வடிந்துவிடுவது இயல்பே. அதைக் காப்பது அறிவுரையன்று, கண்முன் தெரியும் சிறு வெற்றி. ஒரு மாதத்திற்கு ஒரே ஓர் இலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, வேர்ச்சிகிச்சையைப் பாதியில் விடுவோரைப் பாருங்கள். முதல் அமர்விலேயே வலி தணிந்துவிடுவதால் பலர் மீண்டும் வருவதில்லை. நாளடைவில் அப்பல் உடைந்தோ மீண்டும் சீழ் பிடித்தோ போகக்கூடும். வரவேற்பாளர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, திரும்பி வந்தோரின் எண்ணிக்கையை வாரந்தோறும் பலகையில் எழுதட்டும். ஒரு பல் பிழைக்கிறது; காலியாக இருந்த நேரமும் நிரம்புகிறது. தம் பணியால் ஒரு பல் காப்பாற்றப்பட்டதை வரவேற்பாளரும் உணர்கிறார்.

நான்காவது, ஒருவர் இல்லாவிடினும் பணி நடக்க வேண்டும். கருவிகளைத் தூய்மையாக்கும் முறை, கழிவுகளை உரிய நிறப் பைகளில் பிரிக்கும் முறை, ரசீது எழுதும் முறை ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஒவ்வொரு பணியையும் இருவரேனும் கற்றிருக்கட்டும். ஆயினும் பயிற்சி பெறாதவரைச் சிகிச்சைப் பணியில் ஈடுபடுத்தலாகாது. ஊதியத்தைக் குறித்த நாளில் வங்கிக் கணக்கில் செலுத்துவதும் குழுவைக் கட்டும் பணியே. ஊதிய நாள் தள்ளிப்போகும் இடத்தில் நம்பிக்கையும் தள்ளிப்போகும்.

சில மாதங்கள் இவ்வாறு நடந்தபின், கூட்டம் பெருகுகிறதே என்று இரண்டாவது நாற்காலி வாங்கும் எண்ணம் எழலாம். கடனுக்கு விண்ணப்பிக்குமுன் முன்பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். முதல் நாற்காலியின் 200 மணி நேரமும் பெரும்பாலும் நிரம்பியிருந்தால் தயங்காமல் வாருங்கள். நிரம்பவில்லையெனில், உங்களுக்குத் தேவை மற்றொரு நாற்காலி அன்று. நாளைக் காலை ஒரு பத்து நிமிடம்.