கறுப்பு வேறு, பழுப்பு வேறா?

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டபின், ஆட்டையாம்பட்டியில் முறுக்குச் சுற்றும் வீடுகளின் கொல்லையிலும் கிணற்றடியிலும் இரவுதோறும் ஊர்ந்து வந்து, விளக்கில்லாமல் போகிறவர் காலில் வழுக்கும் ஓடில்லா நத்தையைப் பற்றி, வருஷந்தோறும் ஒரே வதந்தியைக் கேட்டுக் கேட்டு என் பொறுமை தீர்ந்துவிட்டது. கறுத்தது சீமையிலிருந்து வந்த விஷ ஜாதியாம். பழுப்பாக இருப்பது நம் நாட்டுச் சாது ஜாதியாம். போதாக்குறைக்கு இப்போது கைப்பேசியில் முதுகை மட்டும் படம் பிடித்துக் காட்டி, "இது என்ன இனம், சார்?" என்று கேட்கிறார்கள், தெரியவில்லை என்றால், நாற்பது வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவருக்கு இதுகூடத் தெரியாதா என்று முகத்தைச் சுளிக்கிறார்கள்.

நிறத்தை நம்பி ஏமாந்தவர்களில் சாமானியர் மட்டுமில்லை, உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே உண்டு. 1758-இல் அவர் கறுப்பு நத்தைக்கு ஒரு பெயரும் செந்நிற நத்தைக்கு வேறொரு பெயரும் சூட்டினார். பின்னால் வந்தவர்கள் அறுத்துப் பார்த்தபோது, கறுப்பென்று பெயர் பெற்ற இனத்தில் வெளிறியவையும், சிவப்பென்று பெயர் பெற்ற இனத்தில் கறுத்தவையும் தாராளமாக இருந்தன. அவை சேர்ந்த ஆரியோன் என்னும் ஐரோப்பியப் பேரினத்தில் (பெயரைக் கண்டு நம்மூரில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அது கிரேக்கப் பெயர்) காரினேரியன் என்றொரு உட்பேரினம் உண்டு. அதிலுள்ள மூன்று இனங்களையும் பெரும்பாலும் உடலின் சாயலைக்கொண்டே பிரித்துவந்தார்கள். பெல்ஜிய ஆராய்ச்சியாளர்கள் தீனியை மாற்றிக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். தின்றதற்கேற்ப மேனியின் நிறம் மாறிற்று! 2001-இல் வெளியான அந்த ஆராய்ச்சிக்குப் பிறகும், நிறத்தைப் பார்த்து ஜாதி சொல்கிறவர்களை என்னவென்று சொல்வது?

உட்பேரினம் என்ற படி, பேரினத்துக்கும் இனத்துக்கும் இடையே வெறும் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று. இளமையில் முதுகின் நடுவே ஓடும் மெல்லிய வரம்பையும் வெளுத்த அடிப்பாதத்தையும் கண்டு, 'ஆரியோன், காரினேரியன் உட்பேரினம்' என்ற மட்டும் நிச்சயமாக எழுதி, மூன்றில் எது என்பதை எழுதாமல் விட்டுவிடுவதற்கு அது கண்ணியமாக இடமளிக்கிறது. கோபெல்டியா என்னும் இன்னோர் உட்பேரினத்தில், தோட்டத்து நத்தை ஒன்றே என்று நெடுங்காலம் எண்ணியிருந்ததை, ஸ்டெல்லா டேவிஸ் என்ற அம்மையார் 1970-களில் இனப்பெருக்க உறுப்புகளை ஆராய்ந்து மூன்றாகப் பிரித்தார். முதுகுப் படத்தை வைத்துக்கொண்டு நாள் முழுதும் விவாதித்தாலும் இந்த வேறுபாடு தெரிந்திராது.

நம் கொல்லைக்கு வருவோம். சமவெளியில் பரவலாகக் காணப்படும் லெவிகாலிஸ் ஆல்டே, ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டதென்று கருதப்படுவது. ஆனால் ஃபெருசாக் என்ற பிரெஞ்சுக்காரர் 1822-இல் அதை விவரித்தது நம் புதுச்சேரியிலிருந்து கிடைத்ததை வைத்து! குஞ்சுகள் பழுப்பாயிருக்கும், முதிர்ந்தவை கறுக்கும், முதுகில் வெளிறிய கோடொன்று நெடுக ஓடும். ஆகவே உங்கள் 'சாது ஜாதி' பெரும்பாலும் உங்கள் 'விஷ ஜாதி'யின் பிள்ளையே. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் அதை ஊரவிட்டுக் கீழிருந்து பாருங்கள்: அகன்ற உடலுக்குக் கொஞ்சமும் பொருந்தாத குறுகிய பாதம், வலப்புறத்தில் ஏறக்குறைய உடலின் நடுவே பெண் துவாரம். ஆரியோனுக்கு வலப்பக்கம் கண்ணுக்குத் தெரியும் மூச்சுத் துவாரம் இதற்கு அங்கே கிடையாது. இவ்வளவும் குடும்பத்தைத்தான் சொல்லும். இனத்தை உறுதிசெய்யக் கத்தரிக்கோல் வேண்டும்.

மற்ற வதந்திகளை விரைவில் முடித்துவிடலாம். இது அட்டையன்று, இரத்தம் குடிக்காது. அரம் போன்ற நாக்கால் இலையைச் சுரண்டித் தின்னும். ஓட்டைக் கழற்றிப் போட்ட நத்தையுமன்று. நத்தையின் ஓட்டைப் பிடுங்கினால் அது செத்துப்போகும். மூலத்துக்கு மருந்தென்று எந்த நத்தையையும் பச்சையாக விழுங்காதீர்கள்; எலியின் நுரையீரல் தமனியில் வாழும் புழுவின் குஞ்சு இவற்றில் இருக்கக்கூடும், அது மனிதனின் மூளை உறையைத் தாக்கும். தொட்டால் கையைக் கழுவுங்கள். உப்பைக் கொட்டினால் நத்தை சாகும், கூடவே செடியும் வாடும்.

கல்லூரிகளில் அறுத்துப் பார்க்கும் பாடத்தை நிறுத்திவிட்ட பிறகு, பட்டம் பெற்று வருகிறவர்களுக்கும் படத்தைவிட்டால் வேறு வழி தெரிவதில்லை. உயிர்வதை கூடாது என்பது சரி. மிதிபட்டும் உப்பில் வெந்தும் சாகிற நூற்றுக்கணக்கில் ஒன்றிரண்டை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை விளிம்பு வரை நிரப்பிய பாட்டிலில் இரவு முழுதும் மூடிவைத்து, கொம்புகள் நீண்டபடியே இறந்ததை மறுநாள் ஸ்பிரிட்டில் போட்டுவைத்தால் என்ன பாவம்? எந்த ஊர், என்ன தேதி, எந்தச் செடியடியில் என்பதைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். நிறத்தையும் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பிரிட்டில் அது நாளடைவில் வெளுத்துவிடும்.