பாடம் 9: முன்பணமும் முறையான கடிதமும்

பெற்றோரின் பணிமாறுதலால் ஆண்டின் நடுவே வீடு மாறிய பட்டறிவு உங்களுள் பலருக்கு உண்டு. அந்நாளில் வீட்டில் எழும் முதற்கவலை, உரிமையாளரிடம் கொடுத்த முன்பணம் கைக்கு வருமா என்பதே. அடுத்த ஊரில் வீடு பிடிக்க அப்பணம் வேண்டும்.

ஒற்றி வேறு, முன்பணம் வேறு. பெருந்தொகை கொடுத்து, மாத வாடகையின்றி வீட்டை அனுபவித்து, தொகை திரும்பும்போது வீட்டை ஒப்படைப்பது ஒற்றி. முன்பணமோ வாடகை நிலுவைக்கும் சேதத்திற்கும் ஈடாக உரிமையாளரிடம் இருப்பது. அது அவருடைய வருவாய் அன்று, குடியிருப்பவரின் பணம்.

எல்லையும் சட்டமும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. ஆகவே களியக்காவிளையிலும் பாறசாலையிலும் தமிழ் ஒலித்தாலும், வீடு எந்த மாநிலத்தில் உள்ளதோ அம்மாநிலத்தின் வாடகைச் சட்டமே அதற்குப் பொருந்தும்.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது. காலி செய்த ஒரு மாதத்திற்குள், உரிய கழிவு போக, அதனைத் திருப்பித் தருதல் வேண்டும் என்பது அதன் விதி. கேரளத்தின் 1965ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகை, வெளியேற்றம் ஆகியவற்றையே முதன்மையாகக் கூறுகிறது. எனவே பாறசாலையில் குடியிருப்போர் வாடகைச்சீட்டின் வாசகத்தை மிகக் கவனமாகப் படித்தல் வேண்டும்.

இரு மாநிலங்களுக்கும் பொதுவான சட்டங்களும் உண்டு. நியாயமான தேய்மானத்திற்குக் குடியிருப்பவர் பொறுப்பாகார் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் கருத்து. ஒப்பந்தத்தை முறித்தால், அதில் எழுதிய தண்டத்தொகைக்கு உட்பட்ட நியாயமான இழப்பீட்டையே கோரலாம் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் கருத்து.

ஒரு கணக்கு

மாத வாடகை 8,000 ரூபாய். முன்பணம் 40,000 ரூபாய். ஒப்பந்தம் 11 மாதம். ஒரு மாதம் முன்னறிவித்தால் இடையிலும் காலி செய்யலாம் என்று சீட்டில் உள்ளது. ஏழாம் மாத இறுதியில் குடும்பம் வெளியேறுகிறது. மின்கட்டண நிலுவை 900 ரூபாய். உடைந்த சன்னல் கண்ணாடி 600 ரூபாய். சுவரின் வண்ணம் மங்கியது தேய்மானம். அதற்குக் கழிவு இல்லை. ஆகவே திரும்ப வேண்டியது 38,500 ரூபாய்.

'மீதி நான்கு மாத வாடகையான 32,000 ரூபாயைத் தரமாட்டேன்' என்று உரிமையாளர் கூறினால், முன்னறிவிப்பு விதியைக் காட்டலாம். அவ்விதி சீட்டில் இல்லையெனில் வீடு பூட்டிக்கிடந்த காலத்தின் இழப்பை அவர் கேட்கக்கூடும். ஆயினும் வேறொருவர் குடியேறிய பின்னரும் அதே மாதங்களுக்கு இருவரிடம் வாடகை பெறுவது நியாயமாகாது. கையொப்பம் இடுமுன் முன்னறிவிப்பு விதி உள்ளதா என்று பார்ப்பது இதனாலேயே தேவை.

மாதிரிக் கடிதம்

பாறசாலை,
1-7-2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்குப் பணிமாறுதல் ஆணை வந்துள்ளது. வாடகைச்சீட்டின்படி ஒரு மாத முன்னறிவிப்பாக இக்கடிதத்தை அளிக்கிறேன். ஜூலை மாத வாடகையை வழக்கம்போல் செலுத்திவிடுவேன். ஜூலை 31 அன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைப்பேன். அன்று தாங்கள் வீட்டைப் பார்வையிட்டு, கழிக்க வேண்டியவற்றைத் தொகையுடன் பட்டியலிட்டுத் தர வேண்டுகிறேன். எஞ்சிய முன்பணத்தை என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தின் படியில், பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பமிட்டு அருளுக.

இப்படிக்கு,
(கையொப்பம்)

கடிதத்தில் குறைகூறலோ மிரட்டலோ இல்லை. நாள், தொகை, பொறுப்பு ஆகியவை உள்ளன. சாவி கொடுக்கும் நாளில் அறைகளையும் மின் அளவியையும் படம் எடுத்துக்கொள்க. சாவி பெற்றதற்கு எழுத்துச் சான்று வாங்குக. பணம் வராவிடில் நாளிட்ட நினைவூட்டல் கடிதம் அனுப்புக. அதற்கும் பயன் இல்லையேல் வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடலாம். இரு தரப்பும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றித் தீர்த்துக்கொள்ளலாம்.

சொற்பொருள்

நிலுவை – செலுத்தாது நிற்கும் தொகை
கழிவு – குறைத்துக்கொள்ளும் தொகை
தேய்மானம் – பயன்பாட்டால் நேரும் குறைவு

பயிற்சி

1. ஒற்றிக்கும் முன்பணத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 'திரும்ப + பெறு' – சேர்த்தெழுதுக. வல்லினம் மிகுந்த காரணம் கூறுக.
3. குழாய் உடைந்தமை, தரை மங்கியமை – இவற்றுள் எதற்குக் கழிவு கேட்கலாம்? காரணம் எழுதுக.
4. மேலைக் கணக்கில் 20,000 ரூபாய் மட்டுமே திரும்பி வந்தது எனக் கொண்டு, மீதியைக் கேட்டு நினைவூட்டல் கடிதம் எழுதுக.
5. உங்கள் வீட்டு வாடகைச்சீட்டைப் பெற்றோருடன் படித்து, அதிலுள்ள முன்னறிவிப்பு விதியை உம் சொற்களில் எழுதுக.