களை மிஷின் வாங்கலாமா? முதலில் டேப்பை எடுங்க!



சேமிப்பும் உள்கடனும் பேசி முடிந்த பிறகு இப்போது பல குழுக்களில் ஒரே பேச்சுதான். களை வெட்ட ஆள் கிடைக்கவில்லை. பாதிப் பேர் பனியன் கம்பெனி வேனிலும், மீதிப் பேர் மில் வேனிலும் காலையிலேயே ஏறிப் போய்விடுகிறார்கள். "நம்ம குழுவே ஒரு மிஷின் வாங்கி வாடகைக்கு விட்டா என்னங்கக்கா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் அதே கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும் சகோதரிக்கு அந்தக் களைக் கூலிதான் வாரச் சந்தைக்கான காசு. அவரையும் மனதில் வைத்துத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சின்ன விஷயத்தை முடித்துவிடுவோம். செல்போன் வீடியோவில் வெளிநாட்டுப் பண்ணைகளில் நாலு சக்கர பைக் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம தோட்டத்துக்கு ஆகுமா?" என்று சிலர் கேட்டார்கள். அது நூற்றுக்கணக்கான ஏக்கரில் ஆடு மாடு மேய்ப்பவர்கள் சுற்றி வருவதற்கான வண்டி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. அதைச் சுற்றி வர நம்ம காலே போதும். அந்த வண்டி மேடு பள்ளத்தில் குப்புறக் கவிழ்ந்து ஓட்டியவரையே நசுக்குவதால், ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் புதிதாக விற்கும் பண்ணை பைக்குகளில் பாதுகாப்புக் கம்பி கட்டாயம். நம் நாட்டில் அந்த மாதிரி பைக்குகளில் பெரும்பாலானவற்றை ரோட்டில் ஓட்டப் பதிவு செய்யவும் முடியாது. நமக்கு வேண்டியது சுற்றி வரும் வண்டி அல்ல, வரிசைக்கு நடுவே நுழையும் மிஷின்.

காட்டை அளப்போம்

கடைக்குப் போனால் முதல் பேச்சே "எத்தனை எச்.பி. வேணுங்க?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். குழுவில் யார் யார் காட்டில் என்ன பயிர், வரிசைக்கு வரிசை எத்தனை அடி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தென்னை 25 அடி. வாழை ஆறு அடி. மரவள்ளி மூன்று அடி. கரும்பு பழைய முறையில் மூன்று அடி, அகலப் பார் போட்டிருந்தால் ஐந்து அடி. மஞ்சளுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பார் இடைவெளி 45 சென்டிமீட்டர், ஒன்றரை அடிதான். சின்ன வெங்காயமும் அதே பார்தான். ஆனால் பாரின் இரண்டு பக்கமும் நடுகிறோம்.

மிஷினின் சுழல் கத்தி எவ்வளவு அகலம் என்று பாருங்கள். வரிசை இடைவெளியை விட அது ஒரு சாணாவது குறைவாக இருக்க வேண்டும். இரண்டடி அகலம் உழும் மிஷின் மஞ்சள் காட்டுக்குள் போனால் களையோடு மஞ்சளும் வெளியே வரும். பல பவர் வீடர்களில் ஓரக் கத்திகளைக் கழற்றி அகலத்தைக் குறைக்கலாம். "குறைச்சா எத்தனை இஞ்ச்?" என்று கேட்டு, கடையிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். மேட்டுப் பாத்தி போட்டுச் சொட்டுநீர்க் குழாய் விட்டு மூன்று நாலு வரிசை நட்டிருந்தால் மிஷின் பாத்தி மேல் ஏறவே ஏறாது. பாத்திக்கு நடுவே இருக்கும் தடத்தை மட்டும் சுத்தம் செய்யும். வெங்காயக் காட்டுக்குக் கைக்களையேதான். பல்லடம், பொங்கலூர் பக்கக் குழுக்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

கோரையும் அருகும் இருக்கும் காட்டில் இன்னொரு சங்கடம். சுழல் கத்தி அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிக் காடு முழுக்கப் பரப்பும். ஒவ்வொரு துண்டும், ஒவ்வொரு கிழங்கும் புதுச் செடி. அந்தக் காட்டுக்கு மிஷினை விடுமுன் கோரைக் கிழங்கைத் தோண்டி எடுத்தாக வேண்டும். அந்தக் காட்டில் ஓட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்தவர் காட்டுக்குக் கொண்டு போகவும் கூடாது. சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி ஓரம் வைக்காமல் மிஷினை இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மஞ்சளில் இன்னொன்று. செடி படர்ந்து கிழங்கு இறங்க ஆரம்பித்த பிறகு மிஷின் ஆகாது. ஆரம்பக் களைக்குத்தான் அது. செடிக்குச் செடி நடுவே இருப்பதை எப்போதும் கைதான் எடுக்க வேண்டும். ஆகவே மிஷின் வந்தால் கைவேலை குறையும், அற்றுப் போகாது. மிஷின் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

எந்த மிஷின் எதற்கு?

பொள்ளாச்சி, ஆனைமலை தென்னந்தோப்புக்குப் புல் வெட்டும் மிஷினே பல நேரம் போதும். தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுவது. மண்ணைக் கிளறாது, வேர் அறுபடாது.

ஐந்து முதல் ஏழு எச்.பி. வரை உள்ள பெட்ரோல் பவர் வீடர் நூறு கிலோவை ஒட்டி இருக்கும். வாழை, மரவள்ளி, கரும்பு, பருத்திக்குப் பொருந்தும். டீசல் வீடரில் எண்ணெய்ச் செலவு குறைவு, ஆனால் கனம் அதிகம், அதிர்வும் அதிகம். பவர் டில்லர் 12, 13 எச்.பி.; நானூறு கிலோவுக்குக் குறையாது. உழவுக்கும் வண்டி இழுக்கவும் நல்லது, களைக்குப் பெரிது. பெங்களூருவின் வி.எஸ்.டி., கேரள அரசின் காம்கோ இரண்டும் நம் பக்கம் பழகிய பெயர்கள். காம்கோவுக்குப் பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோட்டிலும் ஆலை உண்டு. உட்கார்ந்து ஓட்டும்படி சின்ன நாலு சக்கர வண்டிகளும் வந்துவிட்டன. 2021-இல் வந்த சுவராஜ் கோட் 11 எச்.பி., அகலம் மூன்றடிக்குள். வாழைக்கு நடுவே போகும். விலை பல மடங்கு. நாலைந்து ஊர்க் குழுக்கள் சேர்ந்து யோசிக்க வேண்டிய வண்டி அது.

ஓட்டப் போவது யார்?

இதுதான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது. பெண்கள் பெயரில் மானியம் கூடுதல் என்பதால் நம் பெயரில் மிஷின் வாங்குகிறார்கள். கையெழுத்து நம்முடையது, கடன் நம்முடையது. வண்டி மட்டும் வீட்டு ஆம்பிளைங்க கையில். வாடகைக் காசு எங்கே போச்சு என்று கேட்டால் "டீசலுக்குச் சரியாப் போச்சு" என்பார்கள். குழுவில் யாருக்கும் ஓட்டத் தெரியாவிட்டால் கணக்கும் தெரியாது.

அதனால் குழுவிலேயே இரண்டு மூன்று பேர் ஓட்டப் பழக வேண்டும். அவர்கள் களைக் கூலிக்குப் போகும் சகோதரிகளாக இருந்தால் ரொம்ப நல்லது. மிஷின் யாருடைய வேலையை எடுக்கிறதோ, அவரே அதை ஓட்டிக் கூலி வாங்கட்டும். மிஷினைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவர்களைத்தான் கடைக்குக் கூட்டிப் போக வேண்டும், ஊக்குநரும் பிரதிநிதியும் மட்டும் போனால் போதாது.

இந்தியப் பெண் விவசாயத் தொழிலாளியின் சராசரி உயரம் ஐந்தடியை ஒட்டித்தான். மிஷின்களோ பெரும்பாலும் ஆணின் உயரத்துக்குச் செய்தவை. கைப்பிடியை இறக்கி வைக்க முடிகிறதா? பிடித்தால் முழங்கை இடுப்பு மட்டத்துக்கு வருகிறதா, தோளுக்கு ஏறுகிறதா? கிளட்ச் லிவரை நம் விரல் எட்டி முழுசாக அமுக்குகிறதா? கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வதை அவரே பத்துத் தடவை செய்து பார்க்கட்டும். ஹேண்டில் போட்டுச் சுற்றும் டீசல் இஞ்சின் சில சமயம் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு போய்விடும். செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதற்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. அப்புறம் வரிசை முடிவில் திருப்பிப் பார்க்க வேண்டும். நேராக ஓட்டுவது யாருக்கும் வரும். வரப்போரம் நூறு கிலோவைத் திருப்பும்போதுதான் இடுப்புக்குத் தெரியும்.

இந்த மிஷின்களுக்கு அரசு அங்கீகரித்த நிலையங்கள் பரிசோதனை அறிக்கை தருகின்றன. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் நிலையம் இருக்கிறது. நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் பரிசோதனை மையம் உண்டு. அந்த அறிக்கையில் கைப்பிடி அதிர்வு, காதுக்கு வரும் சத்தம், எண்ணெய்ச் செலவு எல்லாம் எண்ணாகவே இருக்கும். இரண்டு கம்பெனி அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிர்வு அதிகமான மிஷினைத் தினமும் பிடித்தால் விரல் மரத்துப் போகும், நாளாக ஆகப் பூ கட்டக்கூட வராது. எந்த மிஷினானாலும் ஒரே ஆள் நாள் முழுக்க ஓட்டாமல் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

ரிவர்ஸ் போடும்போது பின்னால் மரமோ சுவரோ இருக்கக் கூடாது. மிஷினுக்கும் மரத்துக்கும் நடுவே ஆள் மாட்டிக்கொள்வதுதான் இதில் பெரிய விபத்து. பிடியை விட்டவுடன் கத்தி நிற்கும் லிவர் உள்ள மிஷினாகவே வாங்குங்கள். சேலை முந்தானை, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது. சேலை மேல் முழுக்கைச் சட்டை போடுவது நமக்குப் பழக்கம்தானே, அதோடு ஷூவும் வேண்டும். கத்தியில் சுற்றிய கொடியை இஞ்சினை நிறுத்தாமல் கையால் எடுக்கவே கூடாது.

கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மிஷின் 90,000 ரூபாய், மானியம் போகக் குழுவின் பங்கு 45,000. மணிக்கு வாடகை 350. அதில் பெட்ரோல் 100, ஓட்டுபவருக்கு 120, கத்தி ரிப்பேருக்கு 40. மீதி 90. வருடம் 200 மணி நேரம் ஓடினால் 18,000 மிஞ்சும். வட்டி சேர்க்காமல் இரண்டரை வருடத்தில் முதல் திரும்பும். 60 மணி நேரம் மட்டும் ஓடினால் 5,400தான். முதல் வர எட்டு வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் மிஷின் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

ஏக்கருக்கு நாலு மணி நேரம் என்றால், 200 மணி நேரத்துக்கு 50 ஏக்கர் வேலை வேண்டும். 25 ஏக்கரில் இரண்டு களை. முன்னால் எழுதிய நோட்டை எடுத்து, மிஷின் நுழையும் காடு 25 ஏக்கர் தேறுகிறதா என்று கூட்டிப் பாருங்கள். தேறாவிட்டால் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மிஷின்களை வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியிலேயே பதியலாம். வாங்குவதாக இருந்தாலும் ஒரு களைக்கு அதே மாதிரி மிஷினை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மானியம்

2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் உதவித் திட்டத்தில் பெண்கள், சிறு குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம். ஆதிதிராவிட, பழங்குடி சிறு குறு விவசாயிகளுக்கு மேலும் 20 சதவீதம் கூடுதல் மானியத்தை 2022-23 வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. ஒவ்வொரு மிஷினுக்கும் உச்ச வரம்பு உண்டு, அது மாறும். ஆகவே கடைக்காரர் சொல்வதை நம்பாமல் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். தனியாள் மானியத்துக்குச் சிட்டா கேட்பார்கள். நிலம் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் இங்கேதான் நம்மில் பலர் நின்றுபோகிறோம். அப்போது தனியாளாக அல்லாமல் குழுவாக எந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்று அங்கேயே கேட்க வேண்டும்.

2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் என்று அறிவித்தபோது, குழு உறுப்பினருக்குப் பயிற்சியும் சேர்த்தே வைத்தார்கள். களை மிஷினுக்கு அப்படிக் கிடையாது. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். "எங்க ஆளுங்க மூணு பேருக்கு எங்க காட்டில வந்து ரெண்டு நாள் சொல்லிக் கொடுத்தாத்தான் மீதிப் பணம்" என்று விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். உதிரி பாகம் எந்த ஊரில் கிடைக்கும், மெக்கானிக் எத்தனை நாளில் வருவார் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பிறகு தீர்மானப் புத்தகம். மிஷின் யார் வீட்டில் நிற்கும், சாவி யாரிடம், ஓட்டுபவர்கள் யார் யார், மணிக்கு எவ்வளவு, உறுப்பினருக்கும் வெளியாளுக்கும் ஒரே வாடகையா, கடன் சொல்லலாமா என்பதையெல்லாம் மிஷின் வருவதற்கு முன் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வந்த பிறகு எழுதினால் சண்டையில்தான் முடியும். மிஷினோடு ஒரு நோட்டும் போக வேண்டும். தேதி, யார் காடு, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், பெட்ரோல், வாங்கிய தொகை, ஓட்டியவர் கையெழுத்து. மாதக் கூட்டத்தில் சேமிப்பு வாசிப்பது போல அதையும் வாசித்துவிடுங்கள். சீசன் முடிந்து நிறுத்தும்போது டேங்கில் பெட்ரோல் இல்லாமல் வடித்து, கத்தியில் எண்ணெய் தடவி, மழை படாத இடத்தில் வையுங்கள்.