முதியோர் குடியிருப்பு டிசைன் பண்ணச் சொன்னால்?

முதியோர் குடியிருப்பு ஒன்றை வடிவமைக்கச் சொன்னால் முதலில் என்ன வரைவீங்க? சாய்தளம், கைப்பிடி, வழுக்காத தரை. எல்லாம் சரிதான். ஆனா அங்கே வாழப்போறவர் எந்தச் சாப்பாட்டில் வளர்ந்தவர்னு கேட்டீங்களா?

நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில், டிமென்ஷியா உள்ள முதியோருக்காக 2009-இல் உருவானது ஹோகவெய்க் குடியிருப்பு. தொடக்கத்தில் 23 வீடுகள்; 7 வகை வாழ்க்கை முறைகள். டச்சு ஆட்சிக்கால இந்தோனேசியாவில் வாழ்ந்தவர்களுக்கென்றே ஒரு வகை. அங்கே இந்தோனேசியச் சமையல்.

ஏன் இத்தனை மெனக்கெடல்? இந்த நோயில் பெரும்பாலும் அண்மை நினைவுகள்தான் முதலில் அழியும். இளமைக்கால நினைவுகள் கூடுதல் காலம் நிற்கும். நேற்று குடிவந்த அறை அவருக்குப் புதுசு. சிறுவயதில் பழகிய வாசனை புதுசில்லை. 'இது நம்ம வீடுதான்' என்ற நிம்மதி அதில் கிடைக்கலாம்.

அடுத்த பிளான் வரையும் முன், பென்சிலைக் கீழே வச்சிட்டு ஒரு தாத்தாவிடம் பேசிட்டு வாங்க.