கொரோனா போனது, கதவு திறக்கவில்லை

கேள்வி: ஊரடங்கு வந்தபோது என் மகன் இரண்டாம் வகுப்பு. இப்போது எட்டாவது. பள்ளி விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான், கடற்கரைக்குக்கூட வருவதில்லை. அன்று அடைந்து கிடந்ததன் பாதிப்பா இது?
– ஒரு தாய், மாமல்லபுரம்

பதில்: அதற்கும் பங்கு இருக்கலாம், அம்மா. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. சண்டை போட்டு, காய் விட்டு, மறுநாளே பழம் விட்டுச் சேர்ந்துகொள்ளப் பழகும் வயது அது. அதை, அப்போது வீட்டில் பாடம் நடத்திய கல்வித் தொலைக்காட்சியால் சொல்லித்தர முடியாது. உங்கள் ஊரிலோ சுற்றுலா நின்று, கடைகளும் விடுதிகளும் சிற்பக்கூடங்களும் முடங்கின. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிய கடன் கணக்கெல்லாம் பிள்ளைகள் காதில் விழுந்திருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் கொரோனா தலையில் போட்டுவிடாதீர்கள். பதின்மூன்று வயதில் தனிமை தேடுவது இயல்புதான். பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா என்று விசாரியுங்கள். அறைக்குள் போனோடு இருந்தாலும் அதைப் பிடுங்க வேண்டாம்; அதைவிடப் பிள்ளைகளோடு சேர்த்துவிடுவதே பலன் தரும். 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் மாலையில் தெருப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தது. பாடத்தைவிட அந்தக் கூட்டமே பெரிய மருந்து என்பது என் எண்ணம். உங்கள் மகனுக்கு ஒரே ஒரு நண்பன் போதும். ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பனைச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால், அல்லது ‘செத்துப்போகலாம்’ என்று ஒருமுறை சொன்னால்கூட, தாமதிக்காதீர்கள். மனநல உதவி எண் 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பாருங்கள்.